ஒரு நாண்ட் ஐசியிலிருந்து தொடங்கலாம்

டிஜிட்டல் லாஜிக் படிக்கத் தொடங்குகிறவர்களின் கையில் முதலில் தரப்படுவது, எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று 0, 1 கொண்டு காட்டும் மெய் அட்டவணைதான். ஆண்ட், ஆர், நாட், நாண்ட், நார், எக்ஸ்ஆர் என்று, 0, 1 உள்ளீடுகளைப் பெற்று ஒரு 0 அல்லது 1 தரும் சிறு சுற்றுகளான கேட்டுகளின் குறியீடுகளையும் அட்டவணைகளையும் மனப்பாடம் செய்து, பூலியன் கோவைகளைச் சுருக்கிப் பழகி, அதற்கே உதவும் கார்னா வரைபடத்தில் வட்டம் போட்டு, தேர்வையும் எழுதி முடித்துவிடலாம். இவ்வளவையும் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் செய்துவிட முடியும். மென்பொருள் எழுதிப் பிழைப்பு நடத்தும் நான், என் நிரல் கடைசியில் எதன்மீது ஓடுகிறது என்பதை அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில், சில காலமாக மாலை நேரங்களில், பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகிச் சுற்று கட்டும் பிரெட்போர்டும் கையுமாக உட்கார்ந்து கற்று வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெளிவான ஒன்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்: மெய் அட்டவணையில் இல்லாதவை இரண்டு. ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று நேரம். வன்பொருளின் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தால், கணினி எப்படி இயங்குகிறது என்ற கேள்விக்கு நம்மிடம் பாதி விடைதான் இருக்கும்.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிரெட்போர்டு, 5 வோல்ட் தரும் பழைய யூஎஸ்பி சார்ஜர், சில எல்இடிகள், 1 கிலோ ஓம் மற்றும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு சாதாரண மல்டிமீட்டர், இரண்டொரு 7400 ஐசிகள் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவையெல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். 7400 என்பது 14 கால்கள் கொண்ட சிறு கறுப்புப் பூச்சி. அதனுள் இரண்டு உள்ளீடு கொண்ட நாண்ட் கேட்டுகள் (இரண்டு உள்ளீடும் 1 ஆகும்போது மட்டும் 0 தருபவை) நான்கு இருக்கின்றன. 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்குத் தரை இணைப்பு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1960களின் நடுவில் கொண்டுவந்த இந்த வரிசையின் கால் அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம், டிரான்சிஸ்டர்களால் கேட் கட்டும் பழைய முறையான டிடிஎல்லிலிருந்து, மின்னோட்டம் குறைவாகக் கேட்கும் சீமாஸ் முறைக்குப் பெரும்பாலும் மாறிவிட்டது. கடையில் இன்று 74எல்எஸ்00, 74எச்சி00 என்ற பெயர்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில் மின்னழுத்தத்தைப் பார்ப்போம். கம்பியில் 0 என்றோ 1 என்றோ எதுவும் ஓடுவதில்லை. அங்கே இருப்பது 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கக்கூடிய ஒரு மின்னழுத்தம். எந்த மதிப்பை 0 என்று கொள்வது, எதை 1 என்று கொள்வது என்பது ஐசி தயாரிப்பவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஓர் உடன்பாடு. டிடிஎல் உடன்பாட்டின்படி, ஒரு கேட் தன் வெளியீட்டில் 0 என்று சொல்ல விரும்பினால் 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 1 என்று சொல்ல விரும்பினால் 2.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் கேட்கும் பக்கத்தில் விதி சற்றுத் தளர்வானது: 0.8 வோல்ட் வரை வருவதை 0 என்றும், 2 வோல்ட்டும் அதற்கு மேலும் வருவதை 1 என்றும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சொல்பவனுக்குக் கடுமையும் கேட்பவனுக்குத் தாராளமும் வைத்திருப்பதால், இரண்டு பக்கத்திலும் 0.4 வோல்ட் இடைவெளி மிஞ்சுகிறது. வழியில் கம்பியில் அவ்வளவு இரைச்சல் கலந்தாலும் செய்தி கெடாது.

இந்த 0.4 வோல்ட்டை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். ஒரு கேட், தனக்கு வந்த 0.7 வோல்ட்டை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துவதில்லை. அதை 0 என்று புரிந்துகொண்டு, தன் விடையைப் புதிதாக, சுத்தமான மின்னழுத்தமாக உருவாக்கித் தருகிறது. ஒவ்வொரு கேட்டிலும் சமிக்ஞை இப்படிப் புதுப்பிக்கப்படுவதால்தான் ஆயிரம் கேட்டுகளை வரிசையாக இணைத்தாலும் ஆயிரமாவது கேட்டுக்கும் தெளிவான 0, 1 போய்ச் சேர்கிறது. பழைய ஒலிநாடாவைப் பிரதிக்குப் பிரதி எடுத்தால் இரைச்சல் கூடிக்கொண்டே போவதும், ஒரு கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது அப்படியே இருப்பதும் இந்த வேறுபாட்டினால்தான். 'இரண்டே நிலைகள் இருப்பதால் டிஜிட்டல் எளிமையானது' என்று பாடங்களில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த எளிமை எதற்காக என்பதுதான் மாணவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

சரி, 0.8 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் நடுவில் இருந்தால் என்ன ஆகும்? உடன்பாட்டில் அதற்கு விடை இல்லை. இப்படி 0, 1 எதிலும் நிற்காத உள்ளீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 74எச்சி00 ஐசியில் ஒரு கேட்டின் இரண்டு உள்ளீடுகளையும் சேர்த்து, எதனுடனும் இணைக்காமல், ஒரு நீளமான கம்பியை மட்டும் அதிலிருந்து அந்தரத்தில் நீட்டி வையுங்கள். வெளியீட்டில் ரெசிஸ்டர் வழியாக ஓர் எல்இடியை இணையுங்கள். அந்தக் கம்பியின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால், தொடாமலே எல்இடி மங்கும், மினுக்கும், சில வேளைகளில் பாதி வெளிச்சத்தில் நிற்கும். வீட்டுச் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் நம் உடல் வழியாக அந்தக் கம்பியில் ஏறுவதால், கேட் நொடிக்கு 50 முறை 0க்கும் 1க்கும் இடையில் போய்த் திரும்புகிறது. சீமாஸ் உள்ளீட்டுக்கு மின்னோட்டம் ஏறக்குறைய தேவையே இல்லை என்பதால் இவ்வளவு மெல்லிய தூண்டலும் அதற்குப் போதும். அந்த உள்ளீட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு இணைத்த மறுகணம் எல்லாம் அடங்கிவிடும். பயன்படுத்தாத உள்ளீட்டையும் அந்தரத்தில் விடக் கூடாது என்ற விதியை எத்தனை முறை வாசித்தாலும் மறந்துபோகும். விரலுக்கு மினுக்கும் எல்இடியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இந்தக் கலையின் கணிதப் பக்கத்துக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். நாண்ட், நார் கேட்டுகளைக் கையாளுகிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் விதியைத் தந்த அகஸ்டஸ் டி மார்கன், 1806ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள்ளேயே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஆகவே மதுரைக்கு அவருடைய கணிதத்தில் பங்கு உண்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் வகுப்பில் அந்த விதியை நடத்தும் ஆசிரியர் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்கினால், பின்வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவார் என்றே நினைக்கிறேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் முதல் கணிதப் பேராசிரியரான அவரும், பிறகு அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியராக அமர்ந்த ஜார்ஜ் பூலும், தருக்கத்தைக் கணிதமாக்கும் தங்கள் நூல்களை 1847ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். அந்தக் கணிதம் மின்சுற்றுக்கு வந்து சேரத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1937இல் எம்ஐடியில் முதுகலை மாணவராக இருந்த கிளாட் ஷானன், ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால் ஆன சுற்றுகளைப் பூலின் இயற்கணிதத்தால் எழுதவும் சுருக்கவும் முடியும் என்று தம் ஆய்வேட்டில் நிறுவினார். தொடராக இணைத்த இரண்டு சுவிட்சுகள் ஆண்ட். பக்க இணைப்பில் இருக்கும் இரண்டு சுவிட்சுகள் ஆர். அதே ஆண்டில், பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், இரண்டு ரிலேக்களையும் டார்ச் பல்புகளையும் கொண்டு வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு இரும இலக்கங்களைக் கூட்டிக் காட்டினார்.

டி மார்கன் விதியைக் காகிதத்தில் நிறுவுவதை விட, நாண்ட் கேட்டை இரண்டு விதமாகப் படிக்கத் தெரிவதுதான் அதன் உண்மையான பயன். 'இரண்டு உள்ளீடும் 1 ஆனால் வெளியீடு 0' என்று படிக்கலாம். 'ஏதாவது ஓர் உள்ளீடு 0 ஆனாலும் வெளியீடு 1' என்றும் படிக்கலாம். பொருள் இரண்டும் ஒன்றே. ஆனால் சுற்றில் எந்த இடத்தில் 0 என்பது செயலைக் குறிக்கிறது, எந்த இடத்தில் 1 செயலைக் குறிக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே கேட் ஓரிடத்தில் ஆண்ட் போலவும் இன்னோரிடத்தில் ஆர் போலவும் வேலை செய்கிறது. பழைய போர்டுகளின் சுற்று வரைபடங்களில் ஒரே 7400 ஐசியின் கேட்டுகள் இரண்டு வெவ்வேறு குறியீடுகளில் வரையப்பட்டிருப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் நாண்ட் ஒன்றாலேயே கட்டிவிடலாம் என்பது பாடத்தில் ஒரு தேற்றமாக வரும்; தொழிலில் அது நடைமுறையாகவே இருந்திருக்கிறது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டும் கணினி, நாண்டின் இணையான நார் கேட்டுகளை மட்டுமே தருக்கத்துக்குப் பயன்படுத்தியது. அதன் இரண்டாம் வடிவத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகள் இரண்டு கொண்ட ஐசிகள் சுமார் 2,800 இருந்தன. ஒரே வகை ஐசி என்பதால் சோதிப்பதும் தரத்தைக் காப்பதும் எளிதாயிற்று. இன்றைய சீமாஸிலும் நாண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு உள்ளீட்டு நாண்டுக்கு நான்கு டிரான்சிஸ்டர் போதும். ஆண்ட் வேண்டும் என்றால் அந்த நாண்டின் பின்னால் ஒரு நாட்டைச் சேர்க்க வேண்டியிருப்பதால் ஆறு ஆகிவிடும். பாடப்புத்தகத்தில் முதலில் வரும் ஆண்ட், சிலிக்கானில் இரண்டாவதாகத்தான் வருகிறது.

இனி ஐசியை உண்மையாகவே வேலை வாங்குவோம். கீழே சொல்லும் இணைப்பை யார் வேண்டுமானாலும் கால் மணி நேரத்தில் செய்து பார்க்கலாம். ஏ என்ற உள்ளீட்டை 1ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் கொடுங்கள். பி என்ற உள்ளீட்டை 2ஆம் காலுக்கும் 10ஆம் காலுக்கும் கொடுங்கள். முதல் கேட்டின் வெளியீடான 3ஆம் காலிலிருந்து 5ஆம் காலுக்கும் 9ஆம் காலுக்கும் கம்பி இழுங்கள். 6ஆம் காலை 12உடனும், 8ஆம் காலை 13உடனும் இணையுங்கள். 11ஆம் காலில் இப்போது எக்ஸ்ஆர் கிடைக்கும்: ஏ, பி இரண்டும் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0. நான்கு நாண்டும் தீர்ந்துவிட்டன. ஆனால் 3ஆம் காலைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே இரண்டும் 1 ஆகும்போது மட்டும் 0 வருகிறது. ஓர் எல்இடியை 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அந்தக் காலுக்கு இணைத்தால், அந்தக் கால் 0 ஆகும்போது, அதாவது ஏயும் பியும் 1 ஆகும்போது மட்டும் அது எரியும். 11ஆம் காலிலிருந்து தரைக்கு இதேபோல ரெசிஸ்டருடன் மற்றோர் எல்இடி. முதல் எல்இடி மீதி இலக்கம் (கூட்டலில் அடுத்த இடத்துக்குப் போகும் கேரி), இரண்டாவது கூட்டுத்தொகை. இரண்டு உள்ளீட்டையும் 1 ஆக்கினால், மீதி எரிந்து, தொகை அணைந்து, ஒன்றும் ஒன்றும் கூடி இருமத்தில் 10 என்று மேசை மேல் நிற்கும். ஒரே ஐசியில் அரைக்கூட்டி முடிந்துவிட்டது. முந்தைய இலக்கத்திலிருந்து வரும் மீதியையும் சேர்த்துக் கூட்டும் முழுக்கூட்டிக்கு ஒன்பது நாண்டுகள் வேண்டும்.

இங்கிருந்துதான் நேரம் உள்ளே நுழைகிறது. உள்ளீடு மாறியதும் நாண்டின் வெளியீடு உடனே மாறுவதில்லை. 7400 வகையில் ஏறத்தாழ 10 நானோநொடி கழித்து மாறுகிறது. வெளிச்சம் 3 மீட்டர் செல்லும் நேரம் அது. மிகச் சிறியது என்று தோன்றும். ஆனால் ஒரு சோதனையைப் பாருங்கள். ஒரு நாண்டை நாட்டாக மாற்றி ஏயின் எதிர்மறையை எடுத்து, ஏயையும் அந்த எதிர்மறையையும் இன்னொரு நாண்டுக்குக் கொடுத்தால், மெய் அட்டவணைப்படி வெளியீடு எப்போதும் 1 ஆகவே இருக்க வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒருசேர 1 ஆக முடியாது. நடைமுறையில், ஏ 0விலிருந்து 1க்கு ஏறும் கணத்தில் அதன் எதிர்மறை இன்னும் கீழே இறங்கியிருக்காது. அந்த 10 நானோநொடிக்கு இரண்டும் 1ஆக இருக்கும். வெளியீட்டில் ஒரு மெல்லிய பள்ளம் விழுந்து எழும். மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் வேகமான ஆசிலோஸ்கோப் உள்ளவர்கள் இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். அட்டவணையின்படி இருக்கவே கூடாத அந்தப் பள்ளம், வேண்டாத இடத்தில் வந்தால் ஒரு கவுண்டரைத் தவறாக எண்ண வைக்கும்; வேண்டிய இடத்தில், ஏ ஏறிய கணத்தைக் கண்டுபிடிக்கும் உத்தியாகப் பொறியாளர்கள் அதையே பயன்படுத்துவார்கள்.

முழுக்கூட்டிகளை வரிசையாகக் கோத்தால் தாமதம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளரும். ஒன்பது நாண்டு அமைப்பில் மீதி ஓர் இலக்கத்தைக் கடக்க இரண்டு கேட் தாமதம் ஆகிறது. 32 இலக்கங்களுக்கு 64 கேட்டுகள், அதாவது சுமார் 640 நானோநொடி. இதை நம்பி ஒரு கணினி கட்டினால் நொடிக்குப் பதினைந்து லட்சம் கூட்டலுக்கு மேல் போக முடியாது. மீதி தன்னைத் தேடி வரும்வரை காத்திராமல், எந்த இலக்கத்தில் மீதி பிறக்கும், எதில் அது கடந்து செல்லும் என்பதை எல்லா இலக்கங்களுக்கும் ஒரே நேரத்தில் முன்கூட்டியே கணக்கிடும் சுற்றுகள் தோன்றியதற்கு இதுதான் காரணம். 1970இல் வந்த 74181 என்ற நான்கு இலக்கக் கணித ஐசியும் அதன் துணையான 74182உம் இந்த உத்தியைக் கையாண்டன. டிஇசி நிறுவனத்தின் பிடிபி-11 என்ற வரிசையின் சில கணினிகள் 74181ஐக் கொண்டே கட்டப்பட்டன. கடிகாரத் துடிப்பு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சுற்றின் எல்லா மூலைகளிலும் சமிக்ஞைகள் ஓடி, பள்ளங்கள் விழுந்து எழுந்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் விடையைப் படிக்க வேண்டும். மிக நீளமான பாதை அடங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் கடிகாரத்தின் ஒரு சுற்று குறையக் கூடாது. கிகாஹெர்ட்ஸ் எண்ணை விளம்பரத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மிக நீளமான பாதைதான் நினைவுக்கு வருகிறது.

நேரம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நினைவகமும் புரியும். இரண்டு நாண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் மற்றதன் ஓர் உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். மிஞ்சிய இரண்டு உள்ளீடுகளையும் 10 கிலோ ஓம் வழியாக 1இல் நிறுத்துங்கள். இப்போது இந்தச் சுற்றின் வெளியீடு என்ன என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியாக எந்த உள்ளீடு 0வைத் தொட்டது என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஒன்றைத் தரையோடு ஒரு நொடி தொட்டு எடுத்தால் எல்இடி எரிந்து, கம்பியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். மற்றதைத் தொட்டால் அணைந்து, அணைந்தே இருக்கும். இந்தச் சுற்றுக்கு லாட்ச் என்று பெயர். இதே தத்துவத்தை வெற்றிடக் குழாய்களில் எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். இதன் பயன் ஒன்றைப் பாருங்கள்: சுவிட்சை ஒருமுறை அழுத்தினால் உள்ளே உலோகம் சில மில்லிநொடிகள் துள்ளுகிறது. 10 நானோநொடியில் பதில் சொல்லும் கேட்டுக்கு ஒவ்வொரு துள்ளலும் தனி அழுத்தலாகத் தெரியும். இருவழிச் சுவிட்சையும் இந்த லாட்சையும் சேர்த்தால், முதல் தொடுதலிலேயே நிலை மாறிவிடும், பிறகு வரும் துள்ளல்கள் அதை அசைக்காது. நினைவகத்தின் முதல் பயன் தரவைச் சேமிப்பது என்று நினைக்கிறோம்; என் மேசையில் அதன் முதல் பயன் ஒரு சுவிட்சை நம்பத் தகுந்ததாக ஆக்கியதுதான்.

இரண்டு உள்ளீட்டையும் ஒருசேர 0 ஆக்கிவிட்டு ஒரே கணத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பலரும் கேட்பார்கள். பாடப்புத்தகம் 'தடைசெய்யப்பட்ட நிலை' என்று எழுதி முடித்துக்கொள்ளும். ஐசிக்கு எதுவும் ஆகாது. 0 ஆக இருக்கும்வரை இரண்டு வெளியீடும் 1 ஆக நிற்கும். விட்டதும் எந்தக் கேட் ஓர் இம்மியளவு வேகமானதோ அது வெல்லும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், எந்தப் பக்கமும் சாயாமல் சில கணம் நடுவில் தத்தளிக்கவும் கூடும். வெளியுலகிலிருந்து வரும் சமிக்ஞையைக் கடிகாரத்தோடு ஒட்டவைக்கும் ஒவ்வோர் இடத்திலும், இன்றைய சில்லுகளிலும், இதே தத்தளிப்பைக் கணக்கில் கொண்டுதான் அடுத்தடுத்து இரண்டு ஃபிளிப்ஃபிளாப்புகளை (கடிகாரத் துடிப்பில் மட்டும் நிலை மாறும் லாட்சுகளை) வைக்கிறார்கள்.

கூட்டியும் லாட்சும் கைவசமானால் கணினிக்கான தூரம் அதிகமில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் ஆய்வகம் கண்டவர்களுக்கு இன்டெல் 8085 கிட் நினைவிருக்கும். 1976இல் வந்த, சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லு அது. சில்லுக்குள்ளேயே ஓர் எண்ணை வைத்திருக்கும் இடங்களான ரிஜிஸ்டர்களில், பி ரிஜிஸ்டரில் இருப்பதை ஏ ரிஜிஸ்டருக்கு நகலெடுக்க, கையேட்டைப் பார்த்து 78 என்று பதினாறடிமானத்தில் தட்டுவார்கள். அந்த எண்ணை இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 01 111 000. முதல் இரண்டு இலக்கங்கள் 'நகலெடு' என்கின்றன. அடுத்த மூன்று எங்கே என்கின்றன. 111 என்றால் ஏ. கடைசி மூன்று எங்கிருந்து என்கின்றன. 000 என்றால் பி. ஆகவே சி ரிஜிஸ்டரிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், அதன் எண் 001 என்பதால், கையேட்டைத் திறக்காமலே 79 என்று எழுதிவிடலாம். அந்த மூன்று இலக்கங்களும் மூன்று கம்பிகளாக ஒரு டிகோடருக்குள் நுழைந்து, எட்டு வெளியீடுகளில் ஒன்றை மட்டும் உயிர்ப்பிக்கின்றன. அந்த ஒன்று எட்டு லாட்சுகளின் கதவைத் திறக்கிறது. 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்திய கிட்டில், உள்ளே அதில் பாதி வேகத்தில் ஓடும் கடிகாரத்தின் நான்கு துடிப்புகளில், ஏறக்குறைய 1.3 மைக்ரோநொடியில் இவ்வளவும் நடந்து முடிகிறது.